பழைய டீசல் எஸ்.யு.வி.யில் எஞ்சின் விளக்கு அணையவில்லை: பம்பையும் இன்ஜெக்டரையும் மாற்றும் முன் அளக்க வேண்டியவை

நீங்கள் எழுதியதன் சாரம் இது. 2011-இல் சென்னையில் பதிவான, 2.2 லிட்டர் காமன் ரெயில் (டீசலை ரெயில் எனும் ஒரே குழாயில் மிகுந்த அழுத்தத்தில் சேர்த்து, எல்லாச் சிலிண்டர்களுக்கும் பிரித்துத் தரும் முறை) டீசல் எஞ்சின் கொண்ட எஸ்.யு.வி. ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிய வண்டி. உரிமையாளர் குடும்பம் மலேசியாவில் இருந்ததால் கானாடுகாத்தான் வீட்டின் கார் ஷெட்டில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஓடாமல் நின்றிருக்கிறது. இப்போது எஞ்சின் விளக்கு அணைவதே இல்லை. வெயிலில் ஒரு மணி நேரம் ஓடினால் எஞ்சின் தானாக நின்று, அரை மணி நேரம் ஆறிய பிறகே மீண்டும் ஸ்டார்ட் ஆகிறது. நெடுஞ்சாலையில் முந்தப் போகும்போது பிக்கப் திடீரென்று போய்விடுகிறது. சாவியை அணைத்துப் போட்டால் திரும்பி வருகிறது. ஸ்கேன் போட்டதில் பி0335, பி0102, பி0087, பி0299 என்ற நான்கு குறியீடுகள் வந்தன. கிராங்க் சென்சாரையும் காற்றளவு சென்சாரையும் மாற்றியும் பயனில்லை. இப்போது டீசலுக்கு அழுத்தம் ஏற்றும் ஹை பிரஷர் பம்பையும், அதைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் நான்கு இன்ஜெக்டர்களையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் பதில். பம்பும் இன்ஜெக்டர்களும் உண்மையிலேயே தேய்ந்திருக்கலாம். இத்தனை ஓடிய வண்டியில் அது நடக்கக் கூடியதுதான். ஆனால் அவை தேய்ந்திருக்கின்றன என்பதற்கு இதுவரை யாரும் ஓர் அளவைக்கூட எடுத்துக் காட்டவில்லை. உங்களிடம் குறியீடுகள் இருக்கின்றன, பில்கள் இருக்கின்றன. வோல்ட் எவ்வளவு, பார் (அழுத்தத்தின் அலகு) எவ்வளவு, சுழற்சி வேகம் எவ்வளவு என்ற எண்கள் ஒன்றுமே இல்லை. அந்த எண்கள் கிடைக்கும்வரை எந்தப் பாகத்தையும் வாங்காதீர்கள். அவற்றை எடுப்பதற்குச் சாதாரண மல்டிமீட்டர், நேரடி அளவுகளைக் காட்டும் ஸ்கேனர், கண்ணாடி போலத் தெரியும் டீசல் ஓஸ் ஒரு முழம், பொறுமையான இரண்டு நாள் ஆகியவை போதும்.

முதலில் குறியீடுகளைச் சரியாகப் படிக்க வேண்டும். பி0335 என்பது எஞ்சினின் சுழலும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் நிலையைச் சொல்லும் சென்சாரின் மின்சுற்றில் கோளாறு என்கிறது. மின்சுற்று என்றால் சென்சார் மட்டும் இல்லை. அதன் கனெக்டர், அங்கிருந்து எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இ.சி.யு. வரை ஓடும் ஒயர்கள், சென்சாருக்கு எதிரே சுழலும் பல்வளையம் என எல்லாமே அதற்குள் அடங்கும். பி0102 என்பது காற்றளவு சென்சாரின் சமிக்ஞை இருக்க வேண்டிய கீழ் எல்லையைவிடத் தாழ்ந்துவிட்டது என்கிறது. ஒயர் அறுந்திருந்தாலும், சென்சாருக்கு மின்சாரமே போகாவிட்டாலும் வருவது இதே குறியீடுதான். பி0087 ரெயிலில் டீசல் அழுத்தம் கேட்ட அளவுக்கு ஏறவில்லை என்பதையும், பி0299 எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ தர வேண்டிய காற்றழுத்தம் வரவில்லை என்பதையும் குறிக்கின்றன. இந்தப் பின்னிரண்டும் சென்சார்மீது சொல்லப்படும் குற்றச்சாட்டுகளே இல்லை. அங்கே சென்சார் தன் வேலையைச் சரியாகச் செய்து, எஞ்சினில் உள்ள குறையை இ.சி.யு.வுக்குத் தெரிவித்திருக்கிறது என்றுதான் தொடக்கத்தில் கொள்ள வேண்டும். ஆகவே உங்கள் வண்டியில் மின்சாரம் தொடர்பாக இரண்டு, டீசலும் காற்றும் தொடர்பாக இரண்டு என இருவேறு விசாரணைகள் இருக்கின்றன. அவற்றைக் கலந்துவிட்டதனால்தான் பணம் செலவாகியும் வண்டி அப்படியே இருக்கிறது.

குறியீடுகளை அழிப்பதற்கு முன் ஸ்கேனரில் ஃப்ரீஸ் ஃப்ரேம் என்ற பக்கத்தைத் திறந்து பாருங்கள். குறியீடு பதிவான கணத்தில் வண்டி எத்தனை வேகத்தில் போனது, எஞ்சின் எத்தனை டிகிரி சூட்டில் இருந்தது என்பதெல்லாம் அதில் இருக்கும். அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு, பிறகு அழித்து, எது முதலில் திரும்பி வருகிறது என்று பாருங்கள். இணையத்தில் விற்கும் மலிவான புளூடூத் கருவி உங்கள் வண்டியில் எல்லாவற்றையும் படிக்காமல் போகலாம். 2010 ஏப்ரலில் சென்னை உட்பட 13 நகரங்களுக்கு மட்டும் பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி வந்தது. மற்ற இடங்களுக்கு அப்போது பாரத் ஸ்டேஜ் 3 தான். வண்டி தன்னைத்தானே சோதித்துக்கொள்ளும் ஓ.பி.டி. முறையின் முதல் கட்டம் அந்தப் பாரத் ஸ்டேஜ் 4 வண்டிகளோடு வந்தது. இரண்டாம் கட்டம் 2013 ஏப்ரலில்தான் கட்டாயமாயிற்று. இடைப்பட்ட காலத்து வண்டிகளில் பொதுக் கருவி சிலவற்றை மட்டும் காட்டும். ரெயில் அழுத்தம், இன்ஜெக்டர் திருத்தம் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் இ.சி.யு. கூட்டிக் குறைக்கும் டீசல் அளவு) போன்றவற்றைக் காண, அந்தத் தயாரிப்புக்கு உரிய மென்பொருள் உள்ள ஸ்கேனர் வேண்டும். காரைக்குடியில் அது வைத்திருக்கும் பட்டறையைத் தேடிப் போவது வீண் செலவாகாது.

இனி, வண்டி நின்ற கதைக்கு வருகிறேன். உங்கள் பிரச்சினையின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது என்பது என் கணிப்பு. நம் பக்கத்தில் பழைய வண்டி வாங்குகிறவர்கள் ஓடிய கிலோமீட்டரைப் பார்க்கிறார்களே தவிர, நின்ற மாதங்களைக் கேட்பதில்லை. கல்யாணத்துக்கும் கும்பாபிஷேகத்துக்கும் முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் குடும்பம் ஊருக்கு வரும்போது எடுத்து ஓட்டி, மறுபடி பூட்டி வைக்கும் வண்டிகள் கானாடுகாத்தானிலும் கோத்தமங்கலத்திலும் தேவகோட்டையிலும் நிறைய உண்டு. வெளியே துடைத்து வைத்தது போல இருக்கும். உள்ளே பேட்டரி ஆழமாக இறங்கியிருக்கும். டேங்கின் காலியான பகுதியில் ஈரம் படிந்து தண்ணீராகி அடியில் இறங்கியிருக்கும். டீசலும் தண்ணீரும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுப்பான வழுவழுப்புப் படிந்திருக்கும். எலியும் அணிலும் ஏர் ஃபில்டர் பெட்டிக்குக் கீழும் கியர் பாக்ஸுக்கு மேலும் கூடு கட்டி ஒயரைக் கடித்திருக்கும். பானட்டைத் திறந்து, பேட்டரியின் பின்பக்கம், ஏர் ஃபில்டர் பெட்டியின் அடிப்பக்கம், ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு அருகே இறங்கும் ஒயர்க்கட்டு ஆகிய இடங்களை டார்ச் வைத்து அங்குலம் அங்குலமாகப் பாருங்கள். கிராங்க் சென்சாரின் ஒயர் பெரும்பாலும் அந்தத் தாழ்ந்த பகுதியில்தான் ஓடுகிறது.

கடிபட்ட ஒயரை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றுவதோடு விடக் கூடாது. சால்டர் வைத்து, வெப்பத்தில் சுருங்கும் உறை போட்டு மூட வேண்டும். கிராங்க் சென்சார் ஒயரைச் சுற்றி உலோக வலையுறை இருந்தால் அதையும் தொடர்ச்சி விடாமல் இணைக்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்தில் போகும் மின்னோட்டங்களின் இரைச்சல் சமிக்ஞையில் ஏறிவிடும். சோதிக்கும்போது ஊசியால் ஒயரைக் குத்திப் பார்க்கும் பழக்கத்தையும் அனுமதிக்காதீர்கள். அந்தச் சிறு துளை வழியாக ஈரம் நுழைந்து, சில மாதங்களில் உள்ளே செம்பு பச்சை பூத்து அற்றுப்போகும். கனெக்டரின் பின்பக்கமாக மெல்லிய முனையைச் செருகி அளப்பதே முறை.

ஒயர்களைப் பார்த்து முடித்தவுடன் பேட்டரியையும் எர்த்தையும் (பேட்டரி மைனஸை எஞ்சினோடும் பாடியோடும் சேர்க்கும் இணைப்பு) அளந்துவிடுங்கள். இரவு முழுதும் நின்ற வண்டியில் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 10 வோல்ட்டுக்கு மிகவும் கீழே போகக் கூடாது. 9 வோல்ட்டையும் தாண்டி இறங்கினால் இ.சி.யு. தடுமாறி, இல்லாத சென்சார் கோளாறுகளையெல்லாம் பதிவு செய்யும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். அடுத்து, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் முனையிலும் மறு முனையைச் சுத்தமான எஞ்சின் உலோகத்திலும் வைத்து, ஹெட்லைட்டும் ஏ.சி.யும் போட்டு எஞ்சினை ஓட விட்டு அளக்க வேண்டும். 0.1 வோல்ட்டுக்குள் வந்தால் நல்லது. செல்ஃப் அடிக்கும் நேரத்தில் 0.5 வோல்ட்டைத் தாண்டினால் எர்த் பட்டையில் துரு அல்லது தளர்வு இருக்கிறது. பட்டை கண்ணுக்கு நன்றாகத் தெரிவதை வைத்து விட்டுவிடாதீர்கள். போல்ட்டைக் கழற்றி, அடியில் உலோகம் பளிச்சென்று தெரியத் தேய்த்துப் பூட்டுங்கள். தொண்டிக் கரைப் பக்கம் ஓடிய வண்டிகளில் உப்புக் காற்றால் இந்த அரிப்பு இன்னும் விரைவாக வரும். இருவேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரம் சேர்ந்தால் மின்வேதியியல் முறையில் அரிப்பு நடக்கிறது. அரிப்பு, பேட்டரி போன்றவற்றின் ஆராய்ச்சிக்காக அழகப்பச் செட்டியார் நிலமும் நிதியும் தந்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் காரைக்குடியிலேயே இருக்கிறது. அந்த ஊரில் ஒரு வண்டியின் எர்த்தைப் பார்க்காமல் சென்சாரை மாற்றுவது எனக்குப் பொறுக்கவில்லை.

சென்சார்களுக்கு இ.சி.யு. 5 வோல்ட் அனுப்புகிறது. ஒரே 5 வோல்ட் கிளையில் இரண்டு மூன்று சென்சார்கள் சேர்ந்திருப்பது வழக்கம். அவற்றுள் ஒன்று உள்ளே ஷார்ட் ஆனாலும், ஒயர் ஒன்று எங்காவது உரசி எர்த் ஆனாலும், கிளை முழுவதும் 5 வோல்ட்டை இழந்து, தொடர்பே இல்லாத பல குறியீடுகள் ஒன்றாக வரும். கனெக்டரைக் கழற்றி, சாவியைப் போட்டு, ஒயர்ப்பக்கத்தில் 5 வோல்ட் வருகிறதா என்று அளந்து பாருங்கள். வரவில்லை என்றால், அந்தக் கிளையில் உள்ள மற்ற சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே பாருங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ அங்கேதான் குற்றவாளி. காற்றளவு சென்சாருக்கு இதோடு ஃப்யூஸ் வழியாக 12 வோல்ட்டும் தனியே தேவை. புதிய சென்சார் போட்ட பிறகும் பி0102 வருகிறது என்றால், அந்த 12 வோல்ட் சாக்கெட்டில் வருகிறதா என்பதை யாரும் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன்.

செலவே இல்லாத ஒரு சோதனை உண்டு. நான் எந்த வண்டியிலும் இதைத் தவறவிடுவதில்லை. இரவு முழுவதும் நின்ற வண்டியில், விடியற்காலையில், எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் போட்டு ஸ்கேனரில் அளவுகளைப் படியுங்கள். கூலண்ட் சூடும் உள்ளே வரும் காற்றின் சூடும் அன்றைய காலை வெப்பத்தோடு ஒத்து, ஒன்றுக்கொன்று சில டிகிரிக்குள் இருக்க வேண்டும். காரைக்குடி வட்டாரம் கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர் உயரத்துக்குள் இருப்பதால், டர்போ அழுத்தச் சென்சார் ஏறத்தாழ 100 கிலோபாஸ்கல் காட்ட வேண்டும். எஞ்சின் ஓடாதபோது அது அளப்பது நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தத்தைத்தான். ரெயில் அழுத்தம் பூச்சியத்தை ஒட்டி இருக்க வேண்டும். எஞ்சின் நிற்கும்போதே 40, 50 பார் என்று காட்டினால், அந்தச் சென்சாரோ அதன் எர்த்தோ பொய் சொல்கிறது. ஐந்து நிமிட வேலை இது. இந்த அளவுகள் ஒத்து வந்தால் வெப்பநிலை, அழுத்தச் சென்சார்களைப் பற்றிய கவலையைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு எஞ்சினைப் பார்க்கலாம். கூலண்ட் சென்சாரைச் சந்தேகித்தால் கழற்றி ஓம் (மின்தடை) அளந்து பாருங்கள்: பரவலாகப் பயன்படும் வகையில் 20 டிகிரியில் ஏறத்தாழ 2,500 ஓம், 80 டிகிரியில் 300 ஓம் சுற்றுவட்டத்தில் வரும், சூடு ஏற ஏற ஓம் குறைய வேண்டும்.

சூட்டில் நின்றுபோகும் கோளாறுதான் உங்களை மிகவும் வருத்துகிறது. அதை விரிவாகவே சொல்கிறேன். இதற்குப் பொதுவாக இரண்டு வழிகள் உண்டு. கிராங்க் சென்சாரின் உள்ளே இருக்கும் மெல்லிய சுற்று சூட்டில் விரிந்து தொடர்பு விடுபடலாம். அல்லது, சூட்டில் டீசல் நீர்த்துப்போவதால், தேய்ந்த பம்பிலும் இன்ஜெக்டர்களிலும் உள்கசிவு அதிகமாகி, கிளம்புவதற்கு வேண்டிய அழுத்தம் ரெயிலில் சேராமல் போகலாம். இரண்டும் வெளியே ஒரே மாதிரி தெரியும். ஆறினால் இரண்டுமே சரியாகும். பிரித்தறிய ஒரு கேள்வி போதும்: எஞ்சின் நின்ற அந்த நிமிடத்தில், செல்ஃப் அடிக்கும்போது ஸ்கேனர் எஞ்சின் சுழற்சி வேகத்தைக் காட்டுகிறதா? பூச்சியம் காட்டினால் கிராங்க் சமிக்ஞை வரவில்லை. நிமிடத்துக்கு 200-ஐ ஒட்டிக் காட்டி, ரெயில் அழுத்தம் மட்டும் ஏறாமல் கிடந்தால் பிரச்சினை டீசலில். பெரும்பாலான காமன் ரெயில் எஞ்சின்களில் 150 முதல் 250 பார் வரையிலான ஓர் எல்லையைத் தொடாதவரை இ.சி.யு. இன்ஜெக்டரைத் திறக்காது. ஆகவே பட்டறையில் குளிர்ந்த நிலையில் ஸ்கேன் போட்டுப் பயனில்லை. நடுப்பகலில் திருமயம் வரை ஒருவர் ஓட்ட, இன்னொருவர் ஸ்கேனரோடு பக்கத்தில் உட்கார்ந்து, வண்டி நிற்கும்போது அந்த இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். பம்பு வாங்கலாமா என்ற கேள்விக்கு அந்த இரண்டு எண்களே பாதிப் பதில்.

சுழற்சி வேகம் பூச்சியம் என்றால், புதிதாகப் போட்ட கிராங்க் சென்சாரையே முதலில் சந்தேகியுங்கள். சந்தையில் ஒரிஜினல் போலவே தோன்றும் டூப்ளிகேட் நிறைய வருகிறது. நீளத்தில் அரை மில்லிமீட்டர் வித்தியாசம் இருந்தாலும் பல்வளையத்துக்கும் முனைக்கும் உள்ள இடைவெளி மாறிவிடும். கழற்றிய பழைய சென்சார் கையில் இருந்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். முனையில் இரும்புத் துகள் ஒட்டியிருந்தால் துடைத்துவிட்டு, அது எங்கிருந்து வந்தது என்று யோசியுங்கள். பல எஞ்சின்களில் அந்த வளையம் 60 பல்லுக்கு வகுக்கப்பட்டு, 2 பல் நீக்கப்பட்டிருக்கும்; அந்த இடைவெளி வரும் நேரத்தை வைத்தே இ.சி.யு. முதல் சிலிண்டரின் நிலையை அறிகிறது. முன்பு கிளட்ச் வேலை பார்த்தபோது வளையம் அடிபட்டிருந்தால் எத்தனை சென்சார் மாற்றினாலும் தீராது. மூன்று ஒயர் கொண்ட ஹால் வகைச் சென்சாரை ஓம் வைத்து அளக்காதீர்கள்; அதற்கு மின்சாரம், எர்த், துடிக்கும் சமிக்ஞை ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். இரண்டு ஒயர் வகை என்றால், குளிர்ந்தபோதும் சூடானபோதும் ஓம் எடுத்து ஒப்பிடலாம்; சூட்டில் சற்று ஏறுவது இயல்பு, அளவே காட்டாமல் திறந்துபோவது கோளாறு.

சுழற்சி வேகம் வந்து அழுத்தம் ஏறவில்லை என்றாலும் பம்பின் மேல் உடனே கை வைக்க வேண்டாம். டேங்கிலிருந்து பம்பு வரை உள்ள தாழ்வழுத்தப் பக்கத்தை முதலில் பாருங்கள். டேங்கின் அடியிலிருந்து ஒரு லிட்டர் டீசலைக் கண்ணாடிப் பாட்டிலில் இறக்கி ஒரு மணி நேரம் வையுங்கள். அடியில் தண்ணீரோ கறுப்புப் படிவோ தெரிந்தால் டேங்கை இறக்கிக் கழுவி, உள்ளே இருக்கும் சல்லடையையும் சுத்தம் செய்துவிட்டு ஃபில்டரை மாற்ற வேண்டும். டேங்கைக் கழுவாமல் ஃபில்டரை மட்டும் மாற்றினால் புதிய ஃபில்டரும் விரைவில் அடைத்துக்கொள்ளும். ஃபில்டர் மாற்றியதும் கைப்பம்பால் டீசலை நிரப்பி ஏர் எடுத்த பிறகே செல்ஃப் அடிக்க வேண்டும். ஹை பிரஷர் பம்புக்கு மசகே டீசல்தான். வறண்டு சுழன்றால் அது தன்னைத்தானே சுரண்டிக்கொள்ளும். அடுத்து, பம்புக்குள் போகும் குழாயில் அந்தத் தெளிவான ஓஸைப் பொருத்தி எஞ்சினை ஓட விடுங்கள். தொடர்ந்து குமிழ்கள் ஓடினால் எங்கோ காற்று இழுக்கிறது. பழைய ரப்பர் ஓஸ் வெடிப்பு, தளர்ந்த க்ளாம்ப், ஃபில்டர் தலையின் காய்ந்த ஓ ரிங் ஆகியவையே பெரும்பாலும் காரணம். டீசல் வெளியே சொட்டாது, காற்று மட்டும் உள்ளே போகும். ஆகவே தரையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நின்ற வண்டியில் ரப்பர் காய்வது மிக இயல்பானது. பி0087-க்கு இது காரணமாக இருந்தால் சில நூறு ரூபாயில் முடியும்.

தாழ்வழுத்தப் பக்கம் சுத்தம் என்று உறுதியான பிறகு, கேட்ட ரெயில் அழுத்தத்தையும் கிடைத்த அழுத்தத்தையும் ஸ்கேனரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐடிலில் 250 முதல் 350 பார் வரை இருக்கும். முழுச் சுமையில் இந்தத் தலைமுறை எஞ்சின்கள் 1,600 பார் வரை கேட்கும். ஐடிலில் ஒத்துப்போய், சுமையில் மட்டும் பின்தங்கினால், பம்புக்குள் போகும் டீசலைக் கட்டுப்படுத்தும் அளவு வால்வும் பம்பும் சந்தேகத்துக்குரியவை. அதன் பிறகு இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் (தெளிக்காமல் டேங்குக்குத் திரும்பும் டீசல்) சோதனை. நான்கின் ரிட்டர்ன் குழாயையும் நான்கு ஒரே அளவுப் பாட்டில்களில் விட்டு, சூடான எஞ்சினை ஐடிலில் ஓட விட்டால், ஒன்று மட்டும் மற்றவற்றைப் போல இரண்டு மடங்கு நிரம்புவது தெரிந்துவிடும். அப்படியானால் மாற்ற வேண்டியது அந்த ஒன்றுதான். நான்கையும் சேர்த்து மாற்றச் சொல்வதற்கு நியாயம் கேளுங்கள். இந்தச் சோதனை மின்காந்தச் சுருளால் திறக்கும் சாலினாய்டு வகை இன்ஜெக்டருக்கு உரியது. மின்சாரத்தில் விரியும் படிகத்தால் திறக்கும் பைசோ வகை என்றால் ரிட்டர்ன் குழாயில் குறிப்பிட்ட அழுத்தம் இருந்தாக வேண்டும், அதை இப்படிக் கழற்றக் கூடாது. ரெயிலின் முனையில் இருக்கும் பாதுகாப்பு வால்வு கசிந்தாலும் அழுத்தம் ஏறாது. அதன் ரிட்டர்ன் குழாயில் டீசல் ஓடுகிறதா என்பதையும் அதே நேரத்தில் பார்த்துவிடலாம்.

இங்கே ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். எஞ்சின் ஓடும்போது ரெயிலிலிருந்து இன்ஜெக்டருக்குப் போகும் இரும்புக் குழாயின் நட்டை யாரும் தளர்த்தக் கூடாது. பழைய டீசல் வண்டிகளில் அப்படித் தளர்த்தி எந்தச் சிலிண்டர் மிஸ் ஆகிறது என்று பார்ப்பார்கள். அந்தப் பழக்கம் கையில் ஊறியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காமன் ரெயிலில் நூற்றுக்கணக்கான பார் அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் குறைவாக இருக்கும், ஆனால் விரலையோ கையையோ இழக்கும் அளவுக்கு உள்ளே சிதையும். அப்படி நேர்ந்தால் காத்திருக்காமல் உடனே அறுவைச் சிகிச்சை வசதி உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பிக்கப் போய், சாவியை அணைத்துப் போட்டால் திரும்புவது லிம்ப் மோடு எனப்படும் தற்காப்பு நிலை. டர்போ அழுத்தம் கேட்ட அளவுக்கும் கிடைத்த அளவுக்கும் வித்தியாசம் நீடித்தால், எஞ்சினைக் காக்க இ.சி.யு. சக்தியைக் குறைத்துவிடுகிறது. சாவியை அணைத்தால் அது மறந்துபோய் மீண்டும் முயல்கிறது. இதைப் பார்த்துவிட்டு டர்போ போய்விட்டது என்று சொல்பவர்களை நம்புவதற்கு முன் ஓஸ்களைப் பாருங்கள். டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும், வரும் பெரிய ரப்பர் ஓஸ்களின் அடிப்பக்கத்தில் எண்ணெயும் கரியும் கலந்த ஈரக்கோடு தெரிந்தால் அங்கே வெடிப்பு இருக்கிறது. எஞ்சின் நிற்கும்போது மூடியிருக்கும் அது, அழுத்தம் ஏறும்போது மட்டும் வாய் திறக்கும். முந்தும்போது கறுப்புப் புகை தள்ளினால் காற்றுக் குறைவு. புகையே இல்லாமல் இழுவை மட்டும் போனால் டீசல் குறைவு. இந்த அடையாளத்தை நான் பெரிதும் மதிக்கிறேன், ஆனால் லிம்ப் மோடுக்குள் போவதற்கு முந்தைய சில விநாடிகளில் பார்த்தால்தான் அது செல்லும். பின்னால் ஒரு வண்டியில் நண்பரை வரச் சொல்லிப் பாருங்கள்.

ஓஸ் நன்றாக இருந்தால் வேக்கம் (வெற்றிட உறிஞ்சல்) குழாய்களுக்குப் போங்கள். டர்போவின் இறகுகளை அசைக்கும் ஆக்சுவேட்டர் உங்கள் வயதுடைய பல வண்டிகளில் வேக்கத்தால் இயங்குகிறது. சிறுவிரல் பருமன்கூட இல்லாத அந்த ரப்பர் குழாய் சூட்டில் காய்ந்து வெடித்தால் டர்போ முழுவதும் செயலிழந்தது போலாகிவிடும். கை வேக்கம் பம்பு வைத்து இழுத்தால் ஆக்சுவேட்டரின் கம்பி தடையில்லாமல் முழு நீளமும் நகர்ந்து, பிடித்த இடத்தில் நிற்க வேண்டும். திணறித் திணறி நகர்ந்தால் உள்ளே இறகுகளில் கரி கட்டியிருக்கிறது, டர்போவைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும்.

ஏர் ஃபில்டர் பற்றி நம் மண்ணுக்கென்று தனியாகச் சொல்ல வேண்டியது உண்டு. செம்மண் புழுதி மிக நுண்மையானது. கிராமச் சாலையிலும் கண்மாய்க் கரையிலும் ஓடும் வண்டிக்குக் கையேட்டில் போட்டிருக்கும் கிலோமீட்டர் வரை காத்திருக்கக் கூடாது, பாதித் தூரத்திலேயே மாற்றிவிடுங்கள். காற்றடித்துத் தட்டி மறுபடி போடும் பழக்கத்தில் காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத கிழிசல் விழும். அந்த வழியாகப் போகும் புழுதி காற்றளவு சென்சாரின் மெல்லிய தகட்டில் படிந்து, அளவைக் குறைத்துக் காட்டச் செய்யும். அந்தச் சென்சாரை அதற்கென விற்கும் ஸ்பிரேயால் மட்டும் கழுவி, முழுதும் உலர்ந்த பின் போடுங்கள். கார்புரேட்டர் ஸ்பிரே, துணி, விரல் எதுவும் படக் கூடாது. எஞ்சின் புகையில் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே விடும் இ.ஜி.ஆர். வால்வு கரி பிடித்துத் திறந்தபடியே சிக்கிக்கொண்டாலும் உள்ளே வரும் புதுக் காற்று குறைந்து, சென்சார் குறைவாகவே காட்டும். அப்போதும் சென்சார் சொல்வது உண்மைதான்.

குளிரில் ஸ்டார்ட் ஆகச் சிலிண்டரைச் சூடாக்கும் குளோ பிளக்கை இப்போது மறந்துவிடலாம். இந்த வெயிலில் அது கெட்டிருந்தாலும் ஸ்டார்ட்டிங்கில் தெரியாது. கூலண்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தி எஞ்சின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட்டை மட்டும் பாருங்கள். வெயில் ஊர் என்று காரணம் சொல்லி அதைக் கழற்றிவிட்டு ஓட்டும் வழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது. எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. கழற்றினால் எஞ்சின் நெடுஞ்சாலையில் 80 டிகிரியைக்கூடத் தொடாமல் ஓடுகிறது. குளிர்ந்த எஞ்சின் என்று நினைத்து இ.சி.யு. டீசலைக் கூட்டுகிறது, கரி அதிகமாகி இ.ஜி.ஆரும் டர்போ இறகுகளும் அடைக்கின்றன. இருபது நிமிடம் ஓடிய பிறகும் கூலண்ட் சூடு 80-க்குக் கீழே நின்றால், வாங்குவதற்கு முன்பே யாரோ அதை எடுத்துவிட்டிருக்கலாம்.

எவ்வளவு செலவு செய்யலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். பதிவுச் சான்று 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதன் பிறகு வண்டியைத் தகுதிச் சோதனைக்குக் காட்டி ஐந்து ஆண்டுகளுக்குப் புதுப்பிக்க வேண்டும். 2011 பதிவு என்பதால் 2026 என்ற எல்லையை மனத்தில் வைத்துக் கணக்கிடுங்கள். பாடியின் அடியில் துரு ஏறாமல், எஞ்சின் எண்ணெய் குடிக்காமல் இருந்தால் புதுப்பித்து ஓட்டத் தகுந்த வண்டிதான். ஒயர், ஓஸ், டேங்க், ஃபில்டர், தெர்மோஸ்டாட் ஆகியவற்றுக்குத் தயங்காமல் செலவிடுங்கள். பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் மட்டும் அளவு கையில் இல்லாமல் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

எல்லாம் பார்த்த பிறகும் சுமையில் ரெயில் அழுத்தம் பின்தங்கி, ரிட்டர்ன் சோதனையிலும் குறை தெரிந்தால், பம்பையும் இன்ஜெக்டர்களையும் கழற்றி, காமன் ரெயில் சோதனை மேசை உள்ள டீசல் பட்டறையில் கொடுத்து அளவுச் சீட்டு கேட்டு வாங்குங்கள். மதுரையிலும் திருச்சியிலும் அத்தகைய பட்டறைகள் இருக்கின்றன. பம்புக்குள் உலோகத் துகள் தெரிந்தால் பம்பை மட்டும் மாற்றி ஓட்டக் கூடாது. துகள் ரெயில், குழாய்கள், இன்ஜெக்டர்கள், ரிட்டர்ன் வழியாக டேங்க் என எங்கும் போயிருக்கும், அனைத்தையும் சுத்தம் செய்யாவிட்டால் புதிய பம்பும் அதே கதிக்கு ஆளாகும். இன்ஜெக்டர் மாற்றினால், அதன் தலையில் அச்சிட்டிருக்கும் திருத்தக் குறியீட்டை ஸ்கேனர் மூலம் இ.சி.யு.வில் அந்தந்தச் சிலிண்டருக்கு ஏற்றச் சொல்லி, கூடவே நின்று பாருங்கள். ஏற்றாமல் விட்டால் ஐடிலில் குலுக்கலும் புகையும் வந்து, புதிய இன்ஜெக்டரும் கெட்டது என்ற முடிவுக்கு வந்துவிடுவீர்கள். ஏற்றிய பின், எஞ்சின் சூடானதும் நான்கு சிலிண்டர்களின் திருத்த அளவையும் ஸ்கேனரில் படித்து, பில்லின் பின்பக்கத்தில் தேதியோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.